தோளிலிருந்து உரிந்த சிவப்பு ஸ்டிக்கர்

அந்தத் திங்கட்கிழமை மாலை ஐந்து முப்பத்தைந்துக்குத்தான் எல்லாம் கைமீறத் தொடங்கியது. ஷிஃப்ட் முடிந்து, காலையில் ஒப்படைத்த போன்களை வாசல் அறையில் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் ஷூ தொழிற்சாலைக்குள் யாரும் போன் கொண்டுபோக முடியாது. வெளிநாட்டுக் கம்பெனிகளின் புது மாடல்கள் கடைக்கு வருவதற்கு முன்னால் எந்தக் கேமராவிலும் விழக் கூடாது என்பது ஒப்பந்தம். அதனால் பகல் முழுக்க வெளியே என்ன நடந்தாலும் எங்களுக்குத் தெரிவது மாலையில்தான்.

செக்கிங் மேசையில் எனக்கு எதிரே உட்காரும் தோழி போனைத் திறந்ததும் கத்தினாள்.

"அக்கா! இங்க பாரு, நம்ம பாப்பா ஸ்டாராயிட்டா!"

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். என் மகள். தண்ணீர்ச் சறுக்கிலிருந்து வந்து விழுந்து, எழுந்து, முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். அடுத்த காட்சியில் தலையில் மஞ்சள் தொப்பி. தொப்பியில் எங்கள் தொழிற்சாலையின் பெயர், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. பின்னணியில் ஏதோ குத்துப் பாட்டு. கீழே முந்தின நாள் நாங்கள் போய்வந்த பூங்காவின் பெயர், வாருங்கள் என்று அழைப்பு.

"எப்போ போட்டாங்க?" என்றேன்.

"காலைலயே. எங்க தெருவுல எல்லாரும் பாத்துட்டாங்களாம். இன்னாக்கா, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?"

திரும்பி என் மகளைத் தேடினேன். அவள் தையல் பிரிவுப் பெண்களோடு பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன்.

என் மகளுக்கு இருபத்து நாலு வயது. வாலாஜாபேட்டையில் கட்டிக் கொடுத்தேன். போன ஆடி மாதம் ஒரு நாள் காலையில், செருப்புகூடப் போடாமல், கணியம்பாடியில் இருந்த என் வீட்டுக்கு வந்து நின்றாள். இடது காது வீங்கியிருந்தது. அவள் அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். நான் போலீஸில் புகார் கொடுத்தேன். அவள் புருஷனைக் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து அவன் வந்து கதவைக் கோடாலியால் கொத்தினான். "எங்க ஒளிஞ்சாலும் வருவேன்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் வீட்டைக் காலி செய்து, உறவுக்காரர்கள் யாருக்கும் சொல்லாமல், ஆம்பூரைத் தாண்டி இந்தத் தொழிற்சாலைக்கு வந்தோம். நான் தரம் பார்க்கும் பிரிவில் சூப்பர்வைசர், அவள் தையலில். இரண்டு பேரும் புது சிம் வாங்கினோம். அடையாள அட்டைக்குப் படம் எடுத்த அன்றைக்கு அவள் கேட்ட ஒரே கேள்வி, "சார், இத வேற எங்கயாச்சும் போடுவீங்களா?" என்பதுதான். என் போனில் அவள் படம் ஒன்றுகூடக் கிடையாது. வேண்டாம் என்று நான்தான் அழித்தேன்.

தொழிற்சாலையில் யாருக்கும் இந்தக் கதை தெரியாது. கல்யாணம் ஆகாத பெண் என்றே நினைத்தார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஒரு பெரிய ஆர்டர் கப்பலேறிய சந்தோஷத்தில் எங்களுக்கெல்லாம் மஞ்சள் தொப்பி கொடுத்து ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். மலையடிவாரத்தில் புதிதாகத் திறந்த தண்ணீர்ப் பூங்கா. நான் எந்தப் பலகையையும் படிக்காமல் தாண்டுகிறவள் இல்லை. நுழைவாயிலில் ஒன்று இருந்தது: வளாகத்துக்குள் நுழைகிறவர்கள் தங்களைப் படமெடுக்கவும், அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தவும் சம்மதிக்கிறார்கள். டிக்கெட்டின் பின்பக்கத்திலும் அதே வாசகம், எறும்பு எழுத்தில். திரும்பிப் போய்விடலாம் என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? ஆறேழு மாதமாக வீடு, பஸ், தொழிற்சாலை என்று மட்டுமே வாழ்ந்த பெண் அவள்.

கவுன்டரில் கேட்டேன். அங்கே இருந்த பெண் சலிப்பில்லாமல் பதில் சொன்னாள்.

"படம் வேணாம்னா இத ஒட்டிக்கோங்கம்மா. எங்க கேமராகாரங்க எடுக்க மாட்டாங்க."

இரண்டு வட்டமான சிவப்பு ஸ்டிக்கர்களைக் கொடுத்தாள். ஒன்றை என் தோளில் ஒட்டிக்கொண்டேன். மற்றொன்றை மகளின் தோளில் ஒட்டி, ஈரத்தில் உரியாதபடி அழுத்தித் தேய்த்தேன். அதன்பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இங்கே எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோலில் தழும்பு இருந்தால், தையல் ஒன்று தவறினால், பசை வெளியே வழிந்தால், அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். சிவப்பு விழுந்த ஷூ தனித் தட்டுக்குப் போகும். சரிசெய்தபின் ஸ்டிக்கரை உரித்துவிட்டுத்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஒரு சிவப்பு ஸ்டிக்கர் தப்பித் தவறிப் பெட்டிக்குள் போய்விட்டால் கண்டெய்னரே திரும்பி வரும் என்று எங்களைப் பயமுறுத்தி வைத்திருப்பார்கள். அதனால் நல்ல ஷூவில் சிவப்பைப் பார்த்தால் எங்கள் கை யோசிக்காது. நகம் தானாகவே போய் உரித்துவிடும்.

நான் எல்லோருடைய பைகளையும் லாக்கரில் வைக்க வரிசையில் நின்றிருந்தேன். தோழி என் மகளின் தோளைப் பார்த்திருக்கிறாள்.

"இன்னாடி இது, உன்ன எவ ரிஜெக்ட் பண்ணா? நல்ல பீஸ்டி நீ, ஏ கிரேடு!"

சொல்லிக்கொண்டே உரித்து, பக்கத்தில் இருந்த குப்பைத் தொட்டியில் ஒட்டிவிட்டாள். சுற்றி நின்ற செக்கிங் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். திரும்ப எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டுமென்றால், ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டு நேரத்தில் வெறும் தோளைப் பார்த்துவிட்டு நான் பதறியபோது, "வுடும்மா, யாரும் எடுக்கல" என்றாள்.

எடுத்திருக்கிறார்கள்.

வாசல் அறையில் அவளிடம் வீடியோவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாட்ச்மேன் சிரித்த முகத்தோடு வந்தார். ஓய்வுபெறும் வயதைத் தாண்டியவர், எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம்.

"யம்மா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி வெச்சிருக்கேன். மத்தியானம் ஆபீஸ் லைன்ல ஒரு போன் வந்துச்சு. பொண்ணப் பத்தி விசாரிச்சாங்க."

"யாரு?"

"ஒரு அம்மா. வாலாஜாபேட்டைன்னாங்க. மஞ்சத் தொப்பி போட்ட பொண்ணு, கன்னத்துல மச்சம், உங்க கம்பெனிதானான்னு கேட்டாங்க. சம்மந்த விஷயம்தான், வேற இன்னா? ஆமா, தங்கமான பொண்ணு, அம்மாவும் இங்கதான், அஞ்சரைக்கு வுடும்னு சொன்னேன். நேர்லயே வர்றோம்னு சொல்லிட்டு போன வெச்சிட்டாங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் வருவது தொழிற்சாலை வாசலுக்குத்தான். பெண் நேரத்துக்கு வருகிறாளா, யாரோடு பேசுகிறாள், குணம் எப்படி என்று வாட்ச்மேனைத்தான் கேட்பார்கள். அவர் நல்லது சொன்னால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. இந்த அண்ணா சொல்லி அமைந்த கல்யாணங்களுக்கெல்லாம் அவருக்கு வேட்டி சட்டை வந்திருக்கிறது. எனக்கும் நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டு நின்றார்.

மகள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். "அவன்தாம்மா. யாரயோ பேச வெச்சிருக்கான்" என்றாள் மெதுவாக.

பஸ் ஹார்ன் அடித்தது. அதில் ஏறினால் அவன் பின்னாலேயே வந்து வீட்டையும் தெரிந்துகொள்வான். இப்போதைக்கு அவனுக்குத் தெரிந்தது தொழிற்சாலை மட்டும். இங்கேயே இருப்பது என்று முடிவு செய்தேன். வாட்ச்மேனிடம், "அண்ணா, கேட்டப் பூட்டுங்க. யார் வந்தாலும் நாங்க போயிட்டோம்னு சொல்லுங்க" என்றேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் மறைந்தது. ஒன்றும் கேட்காமல் போய்ப் பூட்டினார்.

பஸ் போனது. தோழி ஏறவில்லை.

"மாப்ள வூட்டாரு வர்றாங்க, அம்மாவும் பொண்ணும் ஒளிஞ்சிக்கறீங்க. என்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? நேத்து பிரியாணில என் கறிய எடுத்துத் தின்னும்போது மட்டும் அக்கா தங்கச்சி" என்றாள். என்னைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. என்னால் முடியவில்லை.

முதலில் தனியாக ஒதுங்கிப் போய்ப் போலீஸுக்குப் பேசினேன். கேட்டுக்கொண்டார்கள். ஆள் வந்தால் உடனே கூப்பிடுங்கள், வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். அடுத்து டிக்கெட்டில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். இளைஞன் ஒருவன் எடுத்தான். குரலில் அவசரமே இல்லை. போனை ஸ்பீக்கரில் வைத்தேன்.

"எங்க பொண்ணு வீடியோ உங்க பக்கத்துல இருக்கு. உடனே எடுக்கணும்" என்றேன்.

"மேடம், அது செம்ம வீடியோ மேடம். நல்லா போயிட்டிருக்கு. டிக்கெட் பின்னாடி பாருங்க, கண்டிஷன் போட்டிருக்கோம்."

"பாத்தேன். அதனாலதான் சிவப்பு ஸ்டிக்கர் கேட்டு வாங்கினோம்."

"ஸ்டிக்கர் ஒட்டினவங்கள நாங்க எடுக்கவே மாட்டோம் மேடம். வீடியோல ஸ்டிக்கர் இல்லையே? நீங்களே கழட்டிட்டா நாங்க இன்னா பண்றது?"

தோழியின் முகம் மாறியது. அவளுக்குப் பாதி விளங்கியிருந்தது.

"சரி, இப்போ சொல்றேன். எடுத்துடுங்க."

"மார்க்கெட்டிங் சாரு அப்ரூவல் வேணும் மேடம். அவரு லீவு. நாளைக்குக் காலைல ஒரு மெயில் போட்டுடுங்க."

கடைக்கு வராத ஒரு ஜோடி ஷூவைப் படமெடுக்க வேண்டுமென்றால் எங்கள் முதலாளிகூடக் கடல் தாண்டி எழுதிக் கேட்க வேண்டும். என் மகளின் முகத்துக்கு, நுழைவுச்சீட்டைக் கையில் வாங்கியதே போதும் என்கிறார்கள். இதைச் சொல்லிச் சண்டை போட நேரமில்லை. வெளியே நெடுஞ்சாலையில் ஒவ்வொரு பைக் வேகம் குறையும்போதும் மூன்று பேரும் கேட்டைப் பார்த்தோம்.

மகள் தோழியின் கையிலிருந்து போனை வாங்கினாள். அதுவரை அவள் அந்த வீடியோவைப் பார்க்கவில்லை. பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினாள். விரலால் நிறுத்தினாள்.

"அம்மா, ஆரம்பத்தப் பாரு."

கண் இமைத்தால் தவறிவிடும் அளவுக்கு ஒரு காட்சி. மகள் சறுக்குக்குப் போகும் வழியில் நிற்கிறாள். ஒரு கை வந்து தோளிலிருந்து சிவப்பு வட்டத்தை உரிக்கிறது. தோழியின் கை, கண்ணாடி வளையலோடு. எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் தொடங்கித்தான் வீடியோவைக் கோத்திருக்கிறார்கள்.

"தம்பி, லைன்லயே இரு" என்றேன். "உன் வீடியோவ முதல்ல இருந்து ஓட்டு. ஸ்டிக்கர் தோள்ல இருக்கும்போதே உங்க ஆளு எடுத்திருக்கான் பாரு."

அந்தப் பக்கம் பாட்டு ஒரு முறை ஓடி நின்றது.

"அது... கேண்டிடா, போஸ் குடுக்காம நல்லா வந்துச்சுன்னு வெச்சிருப்பாங்க மேடம். இருந்தாலும் சாரு இல்லாம நான் தொட முடியாது. என் வேலை போயிடும்."

அப்போதுதான் சொன்னேன். எந்த உறவுக்காரருக்கும் சொல்லாததை, தோழியும் வாட்ச்மேனும் கேட்க, முகம் தெரியாத ஒரு பையனிடம் சொன்னேன்.

"தம்பி, அவ புருஷன் அவளக் கொல்லுவேன்னு தேடிட்டு இருக்கான். நாங்க எந்த ஊர்ல இருக்கோம்னு அவனுக்கு இத்தன நாள் தெரியாது. உன் வீடியோல எங்க கம்பெனி பேரு இருக்கு. இப்போ நாங்க கேட்டப் பூட்டிட்டு உள்ள உக்காந்திருக்கோம். அவன் வந்துட்டு இருக்கான்னு நெனைக்கிறேன். உங்க சாரு லீவு முடிஞ்சு வர்ற வரைக்கும் அவன் காத்திருக்க மாட்டான்."

அவன் மறுபடி பேசியபோது குரல் வேறாக இருந்தது.

"அக்கா, போன வெக்காதீங்க. லைன்லயே இருங்க. நான் எடுத்துடறேன். சாருகிட்ட நான் பேசிக்கறேன்."

மகள் விரலால் திரையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை இழுத்தபோது வீடியோ இல்லை. "போயிடுச்சும்மா" என்றாள். அவன் இன்னும் ஒன்று சொன்னான்: "வேற யாராச்சும் டவுன்லோட் பண்ணி வெச்சிருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. மன்னிச்சிடுங்க."

தோழி தரையில் என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்க நூறு பேரு உடம்புலயும் செவப்பு ஒட்டிக்கினு சுத்தியிருப்போமேடி" என்றாள். மகள் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் அழவில்லை. எனக்கு இன்னும் கேட்டைப் பார்க்கும் வேலை இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. இப்போது நாங்கள் இருக்கும் ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் நான் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன்.

இருட்டத் தொடங்கியபோது ஒரு ஷேர் ஆட்டோ வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. வாட்ச்மேன் லத்தியை எடுத்துக்கொண்டு போனார். நான் மகளை மேசைக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஜன்னல் ஓரமாக நின்றேன். போலீஸ் எண்ணை போனில் எடுத்து வைத்திருந்தேன், விரல் அதன் மேல் இருந்தது.

"யாரும்மா வேணும்?" என்று வாட்ச்மேன் கேட்பது காதில் விழுந்தது.

"மத்தியானம் பேசினேனே, நான்தாம்பா. பொண்ணு போயிட்டாளா?"

எனக்குத் தெரிந்த குரல். கேட் விளக்கின் கீழே என் சம்பந்தி நின்றிருந்தாள், அவனைப் பெற்றவள். ஆட்டோவில் வேறு யாரும் இல்லை. ஆட்டோ திரும்பி நெடுஞ்சாலையில் ஏறிப் போகும்வரை பார்த்தேன், பின்னால் எந்த வண்டியும் நிற்கவில்லை. அப்படியும் நான் வெளியே போகவில்லை. கல்யாணமாகிப் போன புதிதில் என் மகளை வாய்க்கு வாய் குறை சொன்னவள்தான் அவள். அடி விழுந்தபோது அடுப்படியைவிட்டு வெளியே வராதவள்.

"நாங்க இல்லன்னு சொல்லிடுவாரும்மா, அமைதியா இரு" என்று மகளிடம் சொன்னேன். ஆனால் மகள் எனக்கு முன்னால் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

"அத்தை" என்றாள்.

கேட்டின் கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவள். பூட்டைத் திறக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. புடவைத் தலைப்பால் நெற்றிவரை முக்காடு போட்டிருந்தாள். கிட்டே போனபோதுதான் கண்ணுக்குக் கீழே சில நாளைக்கு முன் பட்ட அடி ஒன்று பச்சை நிறமாகக் கன்றியிருப்பது தெரிந்தது.

"பக்கத்து வூட்டுப் பொண்ணு போன்ல காட்டினா" என்றாள் அவள், மகளைப் பார்த்து. "அவன் இன்னும் பாக்கல. லோடு ஏத்திக்கினு ஓசூரு போயிருக்கான், நாளைக்கு வந்துடுவான். சம்மந்த விஷயம்னு நெனச்சிக்கினு அவரு பேசினாரு, நானும் இல்லன்னு சொல்லல. இல்லன்னா நீ இங்கதான் இருக்கறன்னு எனக்கு யாரு சொல்லப் போறாங்க?"

"வீடியோவ எடுத்துட்டாங்க அத்தை" என்றாள் மகள்.

"எடுத்தா இன்னா? பாத்தவங்க வாய எடுக்க முடியுமா? எவனாச்சும் அவன்கிட்ட சொல்லத்தான் போறான். ராத்திரியோட ராத்திரியா கெளம்பிடுங்க."

நான் முதல் முறையாக வாயைத் திறந்தேன். "உள்ள வாங்க சம்மந்தி. தண்ணி குடிச்சிட்டு எங்க கூடவே வந்துடுங்க. நாங்க போற எடத்துல..."

அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"சொல்லாதீங்க. எந்த ஊருன்னு என்கிட்ட சொல்லாதீங்க. அவன் அடிச்சிக் கேட்டா, நான் சொல்லிடுவேன்."